பேட்டன் 40 டாலர்தான். மீதிச் செலவு எங்கே போகிறது?

சென்ற இதழில் பேட்டன் ட்வர்லிங் (பேட்டன் என்ற உலோகக் கம்பியைச் சுழற்றி, எறிந்து, பிடித்து ஆடும் விளையாட்டு) பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பணத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். நான் ஹூஸ்டன் புறநகரில் இருக்கிறேன். என் மகள் எட்டு வயதில் பேட்டனைக் கையில் எடுத்தாள், பள்ளி முடிக்கிற வரைக்கும் போட்டிகளுக்குப் போனாள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் வேலை அக்கவுண்டிங். அதனால் அவள் ஆட ஆரம்பித்ததிலிருந்தே செலவுக்குத் தனி நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். கீழே நான் சொல்லும் தொகைகள் அந்த நோட்டிலும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சொன்னதிலும் உள்ளவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஆறு மாதமாக ரிக்ரியேஷன் சென்டரில் குரூப் கிளாஸ் போகிறாள். "நல்ல கை, போட்டிக்குக் கொண்டு வாருங்கள்" என்கிறார் கோச். வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால், "அது உங்களைப் பொறுத்தது" என்கிறார். ஒரு தொகை தெரிந்தால்தானே முடிவு எடுக்க முடியும்?
– வாசகி, பிளேனோ, டெக்சாஸ்

கோச் மழுப்பவில்லை சகோதரி. அது உண்மையிலேயே உங்களைப் பொறுத்ததுதான். ஆனால் எப்படி என்று அவர் விரித்துச் சொல்லியிருக்கலாம்.

பேட்டன் விலையைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். குரோமியம் பூசிய எஃகுக் கம்பி, ஒரு முனையில் பெரிய ரப்பர் உருண்டை, மறுமுனையில் சின்னது. ஸ்டார் லைன் மாதிரி பேர் பெற்ற கம்பெனியுடையது 40 டாலர் பக்கம் வரும். வளையாமல் இருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். பிள்ளை வளர வளர நீளம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பணம் போவது வேறு வழிகளில். போட்டி என்றதும் ஒரு தடவை மேடையேறி இறங்குவது என்று நினைப்போம். இங்கே அப்படியில்லை. சோலோ ஒரு ஈவென்ட். இரண்டு பேட்டன் இன்னொன்று, மூன்று பேட்டன் வேறு. பேட்டனோடு தாளத்துக்கு நடக்கும் ஸ்ட்ரட், மாடலிங், நடனத்தோடு ஆடும் ட்வர்ல், இரண்டு பேர் சேர்ந்து ஆடும் டூயட், அப்புறம் டீம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். உள்ளூர்ப் போட்டியில் ஈவென்டுக்கு 15 முதல் 20 டாலர் கொடுத்திருக்கிறோம். குழந்தை இரண்டு ஈவென்டில் இறங்கினால் 40க்குள் முடிந்துவிடும். ஏழில் இறங்கினால் அதே சனிக்கிழமை 140. ஆட்டம் என்னவோ ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை நிமிடம்தான். இது போக, பார்க்க வரும் அப்பா அம்மாவுக்கும் வாசலில் டிக்கெட் உண்டு.

உங்கள் மகள் மாதிரி முதல் வருடக் குழந்தைக்கு நான் போட்டுத் தரும் கணக்கு இது: குரூப் கிளாஸ் மாதம் 60, பத்து மாதத்துக்கு 600. பேட்டன் இரண்டு, 80. ஷூ 50. போட்டி நடத்தும் அமைப்பில் உறுப்பினர் கட்டணம் 70 பக்கம். மூன்று உள்ளூர்ப் போட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஈவென்ட், எல்லாம் சேர்த்து 150. யாரோ போட்டுக் கழித்த காஸ்ட்யூம் 150. பெட்ரோல், வெளிச் சாப்பாடு சேர்த்தால் 1,200, 1,300 டாலருக்குள் வருடம் ஓடிவிடும். இது பயப்படுகிற தொகை இல்லை. பல விளையாட்டுகளைவிடக் குறைவு என்றுகூடச் சொல்வேன்.

நாலைந்து வருடம் கழித்து வரும் தொகைதான் வேறு. பிள்ளை ஜெயிக்க ஜெயிக்க நோவிஸ், பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று மேல் நிலைக்குப் போவாள். மேலே போனால் குரூப் கிளாஸ் போதாது, தனி வகுப்பு வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம், மணிக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் 45 வாரம் போனாலே 5,400 ஆயிற்று. ஜிம் வாடகை 1,000. உள்ளூர் நுழைவுக் கட்டணங்கள் 800, 900. காஸ்ட்யூம் 900. தேசியப் போட்டிக்குப் பயணம், ஹோட்டல், கட்டணம் எல்லாம் சேர்த்து 3,000. கூட்டிப் பாருங்கள், 11,000 வந்து நிற்கும். எங்கள் நோட்டில் மகளின் கடைசி இரண்டு வருடங்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன.

எந்த அமைப்பு என்பதும் முக்கியம். இங்கே என்.பி.டி.ஏ. (நேஷனல் பேட்டன் ட்வர்லிங் அசோசியேஷன்) 1945ல் தொடங்கியது, யு.எஸ்.டி.ஏ. (யுனைடெட் ஸ்டேட்ஸ் ட்வர்லிங் அசோசியேஷன்) 1958ல் தொடங்கியது. பல விளையாட்டுகளை நடத்தும் ஏ.ஏ.யு.வும் (அமெச்சூர் அத்லெடிக் யூனியன்) ட்வர்லிங் நடத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி உறுப்பினர் கட்டணம், தனி விதிகள், தனி தேசியப் போட்டி. இரண்டு அமைப்பில் ஒரே வருடம் ஆடினால், தேசியப் போட்டிகள் வரும் ஜூலை மாதம் கையைக் கடித்துவிடும். ஆரம்பத்தில் கோச் எதில் பழக்குகிறாரோ அது ஒன்றே போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சீசன் தொடங்கும் முன்பு கோச்சிடம் உட்கார்ந்து, "இந்த வருடம் எங்களால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் இவளுக்கு எது நல்லது?" என்று தொகையை நீங்கள் முதலில் சொல்லுங்கள். எத்தனை போட்டி, எந்தெந்த ஈவென்ட், புதுக் காஸ்ட்யூம் வேண்டுமா, தேசியப் போட்டி உண்டா என்று கேட்டு ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கோச் இதற்குக் கோபப்பட மாட்டார். நான்கு ஈவென்டில் அரைகுறையாக ஆடுவதைவிட இரண்டில் நிறைவாக ஆடட்டும் என்று அவரே சொல்வார்.

கேள்வி: என் மகன் சிகாகோவில் இருக்கிறான். பேத்தி கம்பு சுழற்றக் கற்றுக்கொள்கிறாளாம், அதற்கு மாதம் 400 டாலர் ஆகிறதாம். ஒரு கம்பைச் சுழற்ற இவ்வளவு பணமா? அதற்குப் பரதநாட்டியத்தில் சேர்த்திருக்கலாமே?
– வாசகர், பாளையங்கோட்டை

வணக்கம் ஐயா. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அமெரிக்காவில் பரதத்துக்கும் செலவு குறைச்சல் இல்லை. அரங்கேற்றம் என்று வந்துவிட்டால் மண்டபம், பக்கவாத்தியம், நகை, புடவை, சாப்பாடு என்று ஒரே நாளில் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் செலவழித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒன்று உயர்த்தி, ஒன்று தாழ்த்தி இல்லை. பேத்திக்கு எதில் மனசு போகிறதோ அதுதான்.

அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு முறை வீடியோ காலில் பாருங்கள். பேட்டனை மேலே எறிவாள். அது இருபது அடிக்கு மேல் போய்த் திரும்பி இறங்குவதற்குள் ஒரே காலில் நாலு, ஐந்து சுற்று சுற்றி நிற்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். பேட்டன் கீழே விழுந்தால் ஒவ்வொரு தடவைக்கும் 0.5 மதிப்பெண் கழியும். நடுவே பேட்டன் முழங்கை, கழுத்து, தோள் என்று உடம்பின் மேலேயே உருண்டு போகும். அப்போது கையால் தொடக் கூடாது. விரல் வீங்கி, மூக்கில் அடி வாங்கித்தான் இதெல்லாம் கைக்கு வருகிறது.

பணம் ஏன் என்று கேட்டீர்கள். எட்டடிக் கூரை உள்ள வீட்டில் இதைப் பழக முடியாது. வெளியே பழகலாம் என்றால் காற்று பேட்டனைத் தள்ளிவிடும், சிகாகோவில் பாதி வருடம் பனி. ஆகவே உயரமான கூரை உள்ள ஜிம்மை மணிக்கு 30, 40 டாலர் கொடுத்து எடுக்க வேண்டும். மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து வாடகையைப் பிரித்துக்கொண்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

இதற்கு உலகப் போட்டி உண்டு ஐயா. முதல் உலகப் போட்டி 1980ல் சியாட்டலில் நடந்தது. 2023ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்தது. பல வருடங்களாக ஜப்பான்காரர்கள்தான் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஆடுவதை யூடியூபில் பார்த்தால், கம்பு சுற்றுவதுதானே என்று மறுபடி கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: கோச் காட்டிய காஸ்ட்யூம் 900 டாலர். சென்னையில் என் அம்மாவின் டெய்லர் பரத டிரெஸ் எல்லாம் அருமையாகத் தைப்பார். அளவு அனுப்பி ஊரிலேயே தைத்து வாங்கிவிடலாமா? கல் வேலையும் ஆரி வேலைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று யோசனை.
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

யோசனை நல்லது, ஆனால் துணி வேறு. பட்டு நீளாது. ட்வர்லிங் காஸ்ட்யூம் நாலு பக்கமும் இழுபடும் லைக்ராவில் தைப்பது. சாதாரண நேர் தையல் போட்டால் குழந்தை கையை உயர்த்திய மாத்திரத்தில் நூல் அறுந்துவிடும். ஓவர்லாக்கோ, வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாகோ வேண்டும். நீச்சல் உடை, ஜிம்னாஸ்டிக்ஸ் உடை தைத்துப் பழகிய டெய்லர் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். அளவெடுக்கும்போது மார்பு, இடுப்பு மட்டும் போதாது. தோளில் ஆரம்பித்து முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு நடுவே போய், முதுகு வழியாக அதே தோளுக்கு வரும் சுற்றளவும் வேண்டும். இந்த ஒரு அளவு தப்பினால் மொத்த டிரெஸும் வீண். அதோடு, ஊரில் தைத்து வந்ததைத் திருத்த இங்கே யாரிடம் போவீர்கள்? நான் உள்ளூரில் ஸ்கேட்டிங் உடை தைக்கும் ஒரு அம்மாவிடம் கல் இல்லாமல் வெறும் உடையாக 250 டாலருக்குத் தைத்துக்கொண்டேன். கல் வேலை முழுக்க வீட்டில்.

அந்த 900ல் பெரும் பங்கு கல்லுக்கும் அதை ஒட்டும் கூலிக்கும்தான் போகிறது. ஆரி வேலைக்காரர் கல்லைத் தைப்பார். இழுபடும் துணியில் தைத்த நூல் நிற்காது. இங்கே ஒட்ட வேண்டும். கல் குரோஸ் கணக்கில் வரும், ஒரு குரோஸ் 144. நன்றாகப் பளபளக்க வேண்டுமென்றால் ஒரு காஸ்ட்யூமுக்கு 15 முதல் 20 குரோஸ் பிடிக்கும். முன்பெல்லாம் ஸ்வரோவ்ஸ்கி கல்தான் பேச்சு. அவர்கள் கைவேலைக்காரர்களுக்குச் சில்லறையாக விற்பதை நிறுத்திய பிறகு செக் நாட்டின் பிரசியோசா பக்கம் பலரும் போய்விட்டார்கள். குரோஸ் 15 டாலர் என்றால் 20 குரோஸுக்கு 300. அதைவிட மலிவான கண்ணாடிக் கல் 5 டாலருக்கும் கிடைக்கிறது. முன்பக்கம் மேலே, நடுவர் கண் படும் இடத்தில் நல்ல கல்லும், இடுப்புக்குக் கீழே மலிவான கல்லும் வைத்தால் ஜிம் வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிளாஸ்டிக் கல் மட்டும் வேண்டாம், மங்கிவிடும்.

ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. உடையை மேஜையில் தட்டையாகப் போட்டு ஒட்டினால், பிள்ளை போட்டதும் துணி விரிந்து கல் படபடவென்று உதிரும். உடைக்குள் தலையணையோ ஊதிய பலூனோ வைத்து, உடம்பில் எப்படி இழுபட்டு நிற்குமோ அப்படி நிறுத்திக்கொண்டு ஒட்ட வேண்டும். ஊசி மூக்குள்ள சின்னக் குப்பியில் ஈ-6000 பசையை எடுத்து ஒரு சொட்டு. மெழுகு முனை உள்ள பென்சிலால் கல்லை எடுத்து அதன் மேல் வைத்து லேசாக ஓர் அழுத்து. பசை கல்லைச் சுற்றி ஒரு மயிரிழை மேலே ஏறினால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பசை நெடி தலைவலி கொடுக்கும். ஒரு முழு நாள் காய விடுங்கள். மகளும் நானும் சாயங்காலங்களில் பேசிக்கொண்டே ஒட்டுவோம். அவள் பள்ளிக் கதை முக்கால்வாசி எனக்கு அந்த மேஜையில்தான் தெரிய வந்தது.

எங்கே ஒட்டக் கூடாது என்று கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டன் உருளும் இடங்களில், அதாவது முழங்கையிலும் பிடரியிலும் தோள் மேலேயும், கல் இருந்தால் உருளும் பேட்டன் அங்கே தட்டித் தடம் மாறும். அந்த இடங்களில் வெறும் லைக்ராதான் வேண்டும்.

இன்னொரு வழி, பழையது வாங்குவது. பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு சைஸ் வளர்வதால் இரண்டு சீசன்கூடப் போடாத உடைகள் பேஸ்புக் குழுக்களில் பாதி விலைக்கும் கீழே வரும். வளர்ந்து முடிக்காத பிள்ளைக்கு என் ஓட்டு அதற்குத்தான். உதிர்ந்த இடத்தில் ஒரு குரோஸ் கல்லை நிரப்பினால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் டீமின் பெற்றோர் சங்கத்தில், நிதி திரட்டும் வேலை செய்தால் அந்தத் தொகையை அவரவர் பிள்ளையின் கணக்கில் வரவு வைத்துக் கட்டணத்தில் கழிக்கிறார்கள். வேலை செய்யாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. நியாயமாகத்தான் படுகிறது. இதில் சிக்கல் ஏதும் உண்டா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

உண்டு. என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் சங்கம் 501(சி)(3) வரிவிலக்குப் பெற்றதா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால், திரட்டிய பணத்தைத் திரட்டியவரின் பிள்ளைக்கு மட்டும் கழித்துத் தருவதை வரித்துறை தனிநபர் ஆதாயம் என்று பார்க்கிறது. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம் இதே மாதிரி, பொருள் விற்றவர்களுக்குப் பாயின்ட் போட்டுப் பிள்ளையின் கட்டணத்தில் கழித்தது. 2013ல் வரி நீதிமன்றம் அந்தச் சங்கத்தின் வரிவிலக்கு போனது சரி என்று தீர்ப்பளித்தது. விளையாட்டு வேறாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

முறையான வழி இது: திரட்டுவது எல்லாம் பொது நிதிக்குப் போகட்டும். அதிலிருந்து டீமின் ஜிம் வாடகை, கோச்சின் பயணம், டீம் நுழைவுக் கட்டணம் போன்ற பொதுச் செலவைக் கட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் செலவு இறங்கும். கஷ்டப்படும் குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால், வருமானத்தின் அடிப்படையில் விண்ணப்பம் வாங்கி உதவுங்கள், யார் எத்தனை டிக்கெட் விற்றார்கள் என்று பார்க்காமல். "நான் காரைக் கழுவினேன், அவர் வரவேயில்லை" என்ற மனக்குறை வரத்தான் செய்யும். ஆனால் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தாயால் சனிக்கிழமை காலை இட்லி விற்க வர முடியாது. அவள் மகளும் அதே டீமில்தான் ஆடுகிறாள். சங்கம் சின்னதாக இருந்தாலும் ஒரு தடவை சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14. இதுவரை 30,000 டாலருக்கு மேல் போட்டுவிட்டோம். கல்லூரியில் ட்வர்லிங் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று கணவர் சொல்கிறார். சரியா?
– வாசகி, அட்லாண்டா

இல்லை. அப்படிக் கணக்குப் போடாதீர்கள்.

ட்வர்லிங் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) விளையாட்டு இல்லை. கால்பந்து, நீச்சல்காரர்களுக்குக் கிடைக்கும் வகை உதவித்தொகை இதற்குக் கிடையாது. கல்லூரி மார்ச்சிங் பேண்டின், அதாவது அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் வாத்தியக் குழுவின், முன்னால் தனித்து ஆடும் ஃபீச்சர் ட்வர்லர் இடங்கள் உண்டு. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1954லிருந்து கோல்டன் கேர்ள் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆடவைக்கிறார்கள். ட்வர்லிங் குடும்பங்களில் அந்தப் பேர் தெரியாதவர்கள் இல்லை. அலபாமாவில் கிரிம்சனெட்ஸ் என்ற பெரிய குழுவே இருக்கிறது. ஆனால் ஃபீச்சர் ட்வர்லர் ஒரு கல்லூரிக்கு ஒருவர், மிஞ்சினால் சிலர். உதவித்தொகை பெரும்பாலும் பேண்ட் வழியாக வரும், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் நல்ல தொகை, சில இடங்களில் புத்தகச் செலவுக்குத்தான் வரும், சில இடங்களில் பெருமை மட்டும். எந்தக் கல்லூரியில் சேர ஆசையோ அந்த பேண்ட் டைரக்டருக்குப் பதினோராம் வகுப்பிலேயே எழுதி, ஆடிஷன் எப்போது, தொகை எவ்வளவு, உடையும் வெளியூர்ப் பயணமும் யார் செலவு என்று நேராகக் கேளுங்கள்.

போட்ட 30,000 ஏற்கெனவே பலன் கொடுத்துவிட்டது. அவள் ஆடினாள், வளர்ந்தாள், நாலு பேர் முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டாள். அதைத் திரும்பி வர வேண்டிய முதலீடாக வீட்டில் பேச ஆரம்பித்தால், ஒவ்வொரு முறை பேட்டன் கீழே விழும்போதும் அந்தப் பிள்ளைக்கு டாலர் விழுகிற மாதிரி இருக்கும். இதைக் கணவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. 13 வயது மகள் இந்த ஜூலை நோட்டர் டேம் போக வேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். எங்களால் முடியாது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. கோச்சிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. கிரெடிட் கார்டில் போட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைக்கிறேன்.
– பெயர் வேண்டாம்

கார்டில் போடாதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோட்டர் டேம் என்றால் என்ன என்று அறியாத வாசகர்களுக்கு: என்.பி.டி.ஏ.யின் தேசியப் போட்டி ஒவ்வொரு ஜூலையும் இந்தியானாவில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குழந்தைகள் வருவார்கள். ஒரு நாள் இரண்டு நாளில் முடியாது, ஹோட்டலில் பல இரவு தங்க வேண்டும். எங்களை மாதிரி டெக்சாஸிலிருந்து காரில் போனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அதனால்தான் செலவு மூவாயிரத்தைத் தொடுகிறது. கடனுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும்போது, வேலை இல்லாத வீட்டில் அது இரண்டு வருடம் தலைமேல் நிற்கும்.

மகளிடம் இந்த வாரமே சொல்லுங்கள், கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். 13 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். காரணம் தெரியாததால் தன்னால்தானோ என்று நினைத்துக்கொண்டிருப்பாள். "அப்பாவுக்கு வேலை இல்லை. இந்த வருடம் நோட்டர் டேம் போக முடியாது. உன் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். அழுவாள். அழட்டும். உடனே அதைச் சரிக்கட்ட எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்காக எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுமா" என்ற வார்த்தை மட்டும் எந்தக் கோபத்திலும் வாயில் வந்துவிடக் கூடாது. செலவு செய்ய முடிவெடுத்தது நாம்.

கோச்சிடம் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் இந்த மாதிரிக் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வீட்டில் கஷ்டம் வந்த வருடம் சனிக்கிழமை காலையில் குட்டிப் பிள்ளைகளின் குரூப் கிளாஸில் கோச்சுக்கு உதவியாக நின்றாள், பதிலுக்கு அவளுக்குத் தனி வகுப்பு இலவசம். அந்த ஏற்பாடு உங்கள் மகளுக்கும் கிடைக்கலாம், கேளுங்கள். தனி வகுப்பை வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைக்கலாம். பழைய காஸ்ட்யூம்கள் அலமாரியில் இருந்தால் விற்றுவிடுங்கள், அந்தப் பணத்திலேயே பக்கத்து ஊர்ப் போட்டி ஒன்றுக்குச் சோலோவில் மட்டும் இறங்கிவிடலாம். நுழைவுக் கட்டணம் இன்னும் கட்டவில்லையா என்று பாருங்கள். கட்டியிருந்தால் திரும்பக் கேட்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் எழுதுங்கள்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் இன்னொரு வழி திறக்கும். பள்ளி பேண்டில் ட்வர்லராகச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டத்தில் ஸ்டேடியம் முழுக்கப் பார்க்க ஆடலாம். பேண்ட் கட்டணம் உண்டு, ஆனால் முடியாத குடும்பங்களுக்குச் சலுகை கேட்டால் பல பள்ளிகளில் தருகிறார்கள். டெக்சாஸில் பள்ளிகளுக்கு இடையே போட்டி நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ட்வர்லிங் சோலோ வைத்திருக்கிறது. அதற்குத் தனியார் போட்டிகள் மாதிரிச் செலவு இல்லை. என் மகள் இரண்டிலும் ஆடியவள். அவளைக் கேட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரிகளைத்தான் முதலில் சொல்வாள்.

கணவருக்குச் சீக்கிரம் வேலை கிடைக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். முடிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 16 வயது. அம்மா கிளாஸ் எல்லாம் காசு என்று சொல்லிப்போட்டார். பார்ட் டைம் வேலைக் காசில் ஒரு பழைய பேட்டன் வாங்கிப் பழகலாம் என்று ஆசை. என்ன பார்த்து வாங்க வேணும்?
– ஸ்கார்பரோ, கனடா

வாங்கும்மா தங்கச்சி, தாராளமாக வாங்கு. முதலில் அளவு. கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு நீட்டி, அக்குளிலிருந்து நடுவிரல் நுனி வரை எத்தனை அங்குலம் என்று பார். ஏறக்குறைய அதுதான் உன் பேட்டன் நீளம். உன் வயதுக்கு 26லிருந்து 28 அங்குலத்துக்குள் வரும். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் ஜிகினா பேட்டன் வேண்டாம், எடை சரியாக இருக்காது.

பழையதை வாங்குமுன் சமதரையிலோ மேஜையிலோ உருட்டிப் பார். தத்தித் தத்தி உருண்டால் கம்பி வளைந்திருக்கிறது, வேண்டாம். நேராக உருண்டால் குரோமியத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு விரல் மேல் கிடத்திச் சமன் பார். பெரிய உருண்டைப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்பதுதான் சரி. 15, 20 டாலருக்குள் கிடைத்தால் நல்ல விலை.

வீடியோ பார்த்து எட்டுப் போல் சுழற்றுவதையும் கிடைமட்டச் சுழற்சியையும் இரண்டு கையிலும் பழகிக்கொள். இடது கையை விட்டுவிடாதே, பின்னால் அதுதான் காலை வாரும். மேலே எறிவதைப் புல்தரையில் வைத்துக்கொள், அபார்ட்மென்டுக்குள் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் ஒரு கோச்சிடம் ஒரே ஒரு வகுப்புக்குக் காசு கட்டிப் போய், கைப்பிடி சரியா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வா. தப்பான பிடி பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். கனடிய பேட்டன் ட்வர்லிங் சம்மேளனத்தில் கேட்டால் உன் பக்கத்தில் எந்தக் கிளப் இருக்கிறது என்று சொல்வார்கள்.

பேட்டன் கைக்கு வந்ததும் முனை ரப்பர் இரண்டையும் இழுத்துப் பார். லூஸாக இருந்தால் சுழற்றும்போது கழன்று பறந்துபோய் யார் மேலாவது படும். மாற்று ரப்பர் சில டாலர்தான், அதையும் சேர்த்தே ஆர்டர் செய்துவிடு.